வலது கெண்டைக்கால்

இல்லை, இவர்கள் வெல்லக் கூடாது, வெல்வதற்காகவா இந்த ஐந்து பேரைத் தேர்ந்து கொடுத்தாள், என்று துசியந்தி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பந்து மறுபடியும் வளையத்தில் படாமல் நேரே வலைக்குள் இறங்கியது, வட கிரீனிச் அரங்கில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், பலகையில் எண் மாறியது... பதினொரு புள்ளி முன்னால். சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி, மேலே கண்ணாடி அறையில் அவளும் மடிக்கணினியும் மட்டும், கண்ணாடி தடிப்பானது என்பதால் ஆரவாரம் காதுக்கு வராமல் தரைவழியே பாதங்களுக்கு வந்தது. இரண்டு வருடமாக இந்த அமெரிக்கக் கூடைப்பந்து அணிக்கு இல்ஃபோர்டில் தன் வீட்டுப் பின்னறையில் இருந்தபடி புள்ளிவிவரம் பார்க்கிறாள், ஆட்டக்காரர்களை எண்களாகத்தான் தெரியும், இந்த முறை லண்டனில் ஓர் ஆட்டம் வைத்ததால்தான் உடம்போடு பார்க்கிறாள். வியர்ப்பார்கள் என்று தெரியும். இவ்வளவு வியர்ப்பார்களா? முப்பத்தொன்றாம் எண்காரன், டீக்ஸ், முழங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஓடினான், துடைத்த இடம் உடனே மறுபடி நனைந்தது. முப்பத்து நான்கு வயது, அவனை வாங்க வேறு எந்த அணியும் முன்வரவில்லை, அதனால்தானே அவனைப் பட்டியலில் மேலே போட்டாள், நூறு முறை எறிந்தால் எழுபது தவறவிடுகிறவன், இன்றைக்கு எட்டு எறிந்து எட்டும் விழுந்திருக்கிறது, என்ன கணக்கு இது?

தோற்க வேண்டும் என்று யாரும் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். நீண்ட காலத் திட்டம் என்பார்கள், ஓய்வுப் பட்டியல் என்பார்கள். இந்த அணி ஆடும் லீக்கில் கடைசியாக வரும் அணிகளுக்குத்தான் அடுத்த கோடையில் புது ஆட்டக்காரர்களில் முதலாமவனை எடுக்கும் வாய்ப்பு அதிகம், இந்த வருடம் ஏழடி உயரத்தில் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் வருகிறான், அவனுக்காக நாலைந்து அணிகள் கீழே போக முண்டியடிக்கின்றன. ஆனால் மைதானத்தில் நிற்கிற ஒருவனும் வேண்டுமென்று பந்தைத் தவறவிடுவதில்லை, ஐந்து பேர் உயிரைக் கொடுத்து விளையாடுவார்கள், தோற்பார்கள், தங்களால் முடியவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்... முடியாதவர்கள் என்று கணித்துத்தான் யாரோ இறக்கிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த யாரோ அவள். நல்ல ஆட்டக்காரர்களை வெளியே இருத்த ஒரு காரணம் வேண்டும், லீக்குக்கு அனுப்பும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு, வயிற்றுக்கோளாறு, அதையும் அவள்தான் நிரப்புகிறாள், எவரும் திருப்பிக் கேட்டதில்லை. மருத்துவரின் கையெழுத்து பிறகு வரும். எப்போதும் வந்துவிடும்.

மூன்றாம் பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் திரையின் மூலையில் செய்தி விழுந்தது. கீழே, பயிற்சியாளருக்குப் பின் வரிசையில் சாம்பல் கோட்டுடன் இருக்கும் உதவி மேலாளர் அனுப்பியது. ஒரே வரி. ஓய்வுக்கு ஒரு பெயர் வேண்டும். அவள் கண்ணாடிவழியே அவரைப் பார்த்தாள், அவர் திரும்பவில்லை, ஆட்டத்தை ரசிக்கிறவர் போல் கைதட்டிக்கொண்டிருந்தார். பெயர் எதுவென்று யோசிக்க என்ன இருக்கிறது, முழு அரங்கும் அந்தப் பெயரைத்தானே கத்துகிறது. முன்வரிசையில் ஒரு வயதான கறுப்பினப் பெண் அவனுடைய எண் போட்ட சட்டையைக் கோட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, தாயாக இருக்குமோ, இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறாளோ... பார்க்காதே, துசியந்தி, நீ பார்க்க வேண்டியது எண்களை. படிவத்தைத் திறந்து டீக்ஸின் பெயரைத் தட்டச்சினாள். காரணம் என்ற கட்டத்தில் மின்னிக்கொண்டிருந்த தட்டச்சுக் கோட்டைப் பார்த்தபடி அரை நிமிடம் இருந்தாள். கணுக்கால் போன கிழமைதான் வேறொருவனுக்குப் போட்டாயிற்று. வலது கெண்டைக்கால், இறுக்கம், என்று எழுதினாள். ஏன் வலது? அப்படியே விரலில் வந்தது. அனுப்பினாள். உதவி மேலாளர் கைப்பேசியைப் பார்த்தார், முன்னால் குனிந்தார், பயிற்சியாளர் தலையசைத்தார், விசில் ஊதியதும் டீக்ஸைக் கூப்பிட்டார்கள், அவன் தன்னையல்ல, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்து வந்தான். நேராகத்தான் நடந்தான், அதை அவள் பார்த்தாள், ஆறு அடி, ஏழு அடி, நேராகத்தான்... எட்டாவது அடியில் வலது கால் மடிந்தது.

அவன் கத்தவில்லை. கையைக் கீழே கொண்டுபோய்க் காலின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, யாராவது கல்லால் எறிந்தார்களா என்பதுபோல் தரையில் தேடினான். பிறகு தலையை உயர்த்தினான், வரிசை வரிசையாக ஆட்களைத் தாண்டி மேலே, இந்தக் கண்ணாடிவரை, இங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது, வெளியிலிருந்து இது கறுப்பாகத்தான் தெரியும் என்று வந்த அன்றே சொன்னார்களே, ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கடைசிப் பகுதியில் அணி அவளுடைய பட்டியலில் இருப்பதுபோலவே விளையாடியது, தவற வேண்டியவன் தவறினான், தடுக்கி விழ வேண்டியவன் விழுந்தான், மூன்று புள்ளியால் தோற்றார்கள். நன்றி, என்று செய்தி வந்தது, கூடவே ஒரு சிரித்த முகம்.

கீழே, உடைமாற்றும் அறைக்குப் போகும் நீளமான நடைபாதையில் தர்சிகன் நின்றான். வால்தம்ஸ்டோவைச் சேர்ந்த பெடியன், தசைக்கும் மூட்டுக்கும் சிகிச்சை பார்க்கும் பிசியோ, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அணி எடுத்திருந்த ஆள், முந்தாநாள்தான் அறிமுகமானவன், தமிழ் என்று தெரிந்ததும் அக்கா ஆக்கிவிட்டான். அவன் முகம் சரியில்லை.

“அக்கா, ஒண்டு கேக்கட்டே? அந்தப் பேப்பரை நீங்கள்தானே அனுப்பினனீங்கள்?”

“ஓம்.”

“எனக்கு அது வரேக்க அவர் விளையாடிக்கொண்டு நிக்கிறார். காலில ஒண்டுமில்லை. காலமை நான்தான் ரெண்டு காலையும் பாத்தனான், இருபது வயசுக்காரன்ரை கால் மாதிரி இருந்தது. சும்மா வெளியில எடுக்கப் பொய்க்கு எழுதியிருக்கினம் எண்டு நினைச்சன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இப்ப கையை வைச்சுப் பாத்தன். கிழிஞ்சிருக்கு. வலதுதான். நீங்கள் எழுதின இடம்தான்.”

“களைச்ச உடம்புதானே... ஓடிக்கொண்டிருந்த ஆளைத் திடீரெண்டு நிப்பாட்டினா...”

“அது சரி. நடக்கிறதுதான்.” அவன் அவளைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “இந்த வயசில கிழிஞ்சா அவர் இனி விளையாடுறது கஷ்டம். தாய் உள்ளுக்கு நிக்கிறா. காயத்தை ஆர் முதல்ல கண்டு வெளியில எடுக்கச் சொன்னது, அந்த ஆளுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?”

“ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லும்,” என்றாள், அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நடக்கத் தொடங்கினாள், காலடிச் சத்தம் இரண்டாகக் கேட்டது, திரும்பிப் பார்த்தாள், நடைபாதையில் யாருமில்லை, சுவர்தான் திருப்பிச் சொல்கிறது.

ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறி எலிசபெத் லைன் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவன் கால் மடியும் முன்பே நான் ஏதோ கண்டிருக்கிறேன், ஒரு சின்னத் தடுமாற்றம், அதனால்தான் வலது என்று எழுதினேன், என்று சொல்லிப் பார்த்தாள், நம்பலாம் போலவும் இருந்தது. ஆனால் நவம்பரில் இடுப்பு என்று எழுதினாளே, அந்த ஆளுக்குத் தை மாதம் இடுப்பில் சத்திரசிகிச்சை. மணிக்கட்டு என்று எழுதிய ஆள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அதே கையை முறித்தான். வயிற்றுக்கோளாறு என்று எழுதியவன் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில். பருவத்தில் எண்பத்திரண்டு ஆட்டம் ஓடுகிற உடம்பில் என்றோ ஒருநாள் எல்லாமே நடக்கும், இதை அவளே பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறாள், போதிய அளவு எழுதினால் எதுவும் பொருந்தும்... எத்தனை எழுதினாள்? பத்தொன்பது. எத்தனை பொருந்தியது? விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாவது கைக்கு மாற வேண்டி வந்தபோது நிறுத்திக்கொண்டாள். எதிர் இருக்கைக்காரர் அவளுடைய விரித்த விரல்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பினார். கைப்பேசி அடித்தது. ஹரோவிலிருந்து கல்யாணி அக்கா.

“துசி, எங்கை நிக்கிறாய்? பிள்ளையின்ரை பிறந்தநாள் எண்டு போன கிழமையே சொன்னனான். எல்லாரும் வந்திட்டினம். வாறியோ இல்லையோ?”

“இல்லையக்கா, நான்... எனக்கு...”

“திரும்பவும் தலையிடியோ?”

ஓம் என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, எத்தனை முறை சொல்லிப் பழகிய ஓம், கூட்டம் பிடிக்காது, கேள்விகள் பிடிக்காது, தலையிடி என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், அப்படித்தானே முதலில் தொடங்கியது, சித்திரை மாதம், கோயில் தேருக்குப் போகாமல் இருக்கச் சொன்ன சின்னப் பொய். அன்றைக்குத் தலை வலிக்கவில்லை, நன்றாக நினைவிருக்கிறது, பின்னறையில் தேத்தண்ணி குடித்தபடி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இந்த இடது கண்ணுக்குப் பின்னால் கிழமைக்கு இரண்டு நாள் வந்து குந்துகிற வலி, மாத்திரைக்கும் அசையாத வலி, இப்போதும் மெல்ல மெல்ல ஊறி வருகிற இது... எப்போது வரத் தொடங்கியது? சித்திரைக்கு முன்பா, பின்பா?

“துசி? கேக்குதே? என்ன, சுகமில்லையோ?”

ரயில் மேனர் பார்க்கைத் தாண்டியது. அவள் வாயைத் திறந்தாள், ஒரு சொல்லையும் எடுக்கத் துணியாமல், அப்படியே வைத்திருந்தாள்.