இரண்டாவது ஊது

இந்தக் காலத்து ஆட்களுக்கு எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் மூடுவதில்லை. குழாயைத் திருகினால் நிறுத்துவதில்லை. வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தால் ஆணியில் மாட்டுவதில்லை, நாய்க்கு எலும்பு போடுவதுபோல மேசையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால் அவசரமாம். திருடன் ஓடி அரைமணி கழித்துக் கிளம்புகிறவர்களுக்கு அப்படி என்ன அவசரம்?

போலீஸ் வண்டிக் கொட்டகையின் சாவிக்காரர் தினமும் இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் பன்னிரண்டு ஆணிகளில் பன்னிரண்டு சாவிகளை மாட்டுவார். அவரும் போலீஸ்காரர்தான். முழங்கால் தேய்ந்த பிறகு இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். டிரைவர்களுக்கு அவர் சாவி அண்ணன். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்.

விடிகிற நேரத்தில் கொட்டகைக்குள் இரும்பு ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். டிரைவர்கள் பானெட்டைத் தூக்கி எண்ணெய் பார்ப்பார்கள். விரல் ஒட்டிக்கொள்ளும். டீசல் புகை தொண்டையில் இறங்கும். வண்டி கழுவுகிற பெண் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டயர் டயராக உட்கார்ந்து நகர்வாள். முந்தின நாள் ஓடிய சேறு, வாந்தி, சில நாள் ரத்தம், எல்லாம் அவள் கையால்தான் போக வேண்டும். அவளை எல்லாரும் பூட்ஸ் என்றே கூப்பிட்டார்கள்.

சாவி வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஊத வேண்டும். மேசைமேல் ஒரு மிஷின். ஆளின் நம்பரை அமுக்கிக் குழலில் ஊதினால், குடித்தானா இல்லையா என்று நேரத்தோடு சீட்டு வரும். சுவரில் பலகை தொங்கியது: 'வண்டியில் கை வைப்பவர் எவராயினும் முதலில் ஊத வேண்டும். பதவி பார்க்கப்பட மாட்டாது.' கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, வால் நீட்டி.

அந்த இன்ஸ்பெக்டர் ஒருநாளும் ஊதியதில்லை. முதல் வாரம் சாவிக்காரர் மிஷினை நீட்டியபோது, செருப்பை நீட்டியதுபோலப் பார்த்தார். "எனக்கேவா?" அவ்வளவுதான். மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து, அதிகாரியின் சீட்டுகள் எங்கே என்று கடிதம் வந்தது. அதை மேசையில் போட்டு, "ஏற்பாடு பண்ணுய்யா" என்றார்.

சாவிக்காரர் ஏற்பாடு பண்ணினார். டிரைவர் தன் நம்பருக்கு ஒருமுறை ஊதுவான். பிறகு இவர் இன்ஸ்பெக்டர் ஐயாவின் நம்பரை அமுக்குவார். டிரைவரே இன்னொருமுறை ஊதுவான். கொட்டகையில் அதற்கு இரண்டாவது ஊது என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினான்கு மாதமாக நடக்கிறது. "ஐயாவுக்கு மூச்சு வாங்குதுல்ல, அதான் நாம விடுறோம்" என்று சிரித்துக்கொண்டே ஊதுவார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்று சாவிக்காரருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

அன்று காலை ஐயா நண்பர் வீட்டு விருந்திலிருந்து நேராக வந்தார். வாயில் புதினா மிட்டாய். மிட்டாயையும் மீறி வாடை வந்தது. டிரைவர் ஆமை ஏற்கெனவே இரண்டு ஊதும் ஊதியிருந்தான். ஆமை என்பது கொட்டகை வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வேகத்தில் நாற்பதைத் தாண்டாதவன்.

"நான் எடுக்குறேங்கய்யா, நீங்க உக்காருங்க."

"நீ எடுத்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். தள்ளு."

ஐயாவே ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரே உறுமல். வாளி நசுங்கும் சத்தம், அதற்குமேல் ஒரு சத்தம். பூட்ஸ் அடுத்த வண்டியின் டயரைக் கழுவ உட்கார்ந்திருந்தாள். ஜீப்பின் பின்பக்கம் அவள் வலது காலைச் சுவரோடு வைத்து அழுத்தியிருந்தது. ஆமைதான் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அன்றைக்கு அவன் நூறு தொட்டான் என்று பின்னால் சொன்னார்கள். ஐயா குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனார். குழாயை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் சாவிக்காரரை அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் டைப் அடித்த காகிதம். 'டிரைவர் கவனக்குறைவாகவும் வேகமாகவும் வண்டியைப் பின்னால் எடுத்தான். அனுமதியில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்த துப்புரவுப் பெண் காயமடைந்தாள். இதை நேரில் பார்த்தேன்.' கீழே சாவிக்காரரின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"போடுய்யா."

"ஆமையா வேகமா எடுத்தான்? ஊரே சிரிக்குங்கய்யா."

"சிரிக்கிறவன் சாட்சி சொல்ல வரமாட்டான். நீ வருவே. இங்க பாரு, ரெண்டு சீட்டு. அஞ்சு நாப்பத்தொண்ணு அவனுது. அஞ்சு நாப்பத்திரெண்டு என்னுது. ரெண்டுலயும் பூஜ்யம். மிஷின் பொய் சொல்லுமா?"

"மிஷின் சொல்லாதுங்கய்யா. அது உங்க மூச்சு இல்லையே."

ஐயா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அப்படியா? அப்ப யாரு மூச்சு? என் நம்பரை அமுக்கி இன்னொருத்தனை ஊத வெச்சது எந்தக் கை? சொல்லு, அதையும் சேர்த்து எழுதிக்கிறேன்."

சாவிக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். எண்ணெய் ஏறிக் கறுத்த ஆட்காட்டி விரல். பதினான்கு மாதம் அமுக்கிய விரல்.

"நீங்கதானே ஏற்பாடு பண்ணச் சொன்னீங்க."

"ஏற்பாடு பண்ணுன்னேன். பொய் பண்ணுன்னு சொன்னேனா? எத்தனை மாசம் இருக்கு உனக்கு?"

"ஆறு."

"ஆறு மாசம் வாயை மூடிட்டு இருந்தா போலீஸ்காரனா வீட்டுக்குப் போவே. திறந்தியோ, எங்க போவேன்னு உனக்கே தெரியும். நாளைக்குக் காலையில காகிதம் கைக்கு வரணும்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கையெழுத்துப் போட்டால் ஆமைக்கு வேலை போகும், பூட்ஸுக்குக் காலும் போய்ப் பழியும் வரும். போடாவிட்டால் இவர் உள்ளே. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஆஸ்பத்திரியில் பூட்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலடியில் இடது கால் பூட்ஸ் மட்டும் நின்றது.

"முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்கண்ணே. இனிமே ஒத்தைப் பூட்ஸ் போதும். பாதி வேலை மிச்சம்." சிரித்தாள். "ஆமைகிட்ட சொல்லுங்க, அவன்மேல எனக்கு ஒண்ணும் இல்லேன்னு."

"அவன் ஓட்டலம்மா."

"தெரியும்ணே. ஆமை எடுத்திருந்தா நான் எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, தலை வாரிட்டு ஒதுங்கியிருப்பேனே."

"அதை, வாக்குமூலம் எழுத வந்தவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். டயரு கழுவ டயருகிட்ட உக்காராம வேற எங்க உக்காரணும்னும் கேட்டேன். அதெல்லாம் எழுத இதுல இடம் இல்லேன்னுட்டாங்க."

சாவிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார். ஆறுதல் சொல்லியிருந்தால் அதை அவரே நம்பியிருக்க மாட்டார்.

மாலை ஷிப்ட் மாறும் நேரம் கொட்டகையில் டிரைவர்கள் கூடியிருந்தார்கள். தற்காலிகமாக நீக்கப்பட்ட ஆமை, சீருடை இல்லாமல், யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றான். டிரைவர்களில் ஒரே பெண்ணான வாயாடி வண்டிப் படியில் ஏறி நின்றிருந்தாள். வாயாடி என்று பெயர் வைத்தவர் சாவிக்காரர்தான்.

"இங்க யாரெல்லாம் அவருக்காக ஊதியிருக்கீங்க? கையைத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. அவளே முதலில் தூக்கினாள். பிறகு ஒரு கை. நீண்ட நேரம் கழித்து இரண்டு. கடைசியில் ஆமையைத் தவிர்த்துப் பதினோரு கையும் மேலே நின்றன.

"ஆமை ஒருத்தன் ஊதினான்னா அவன் குத்தவாளி. பதினோரு பேரும் ஊதினோம்னு எழுதிக் கொடுத்தா?"

"பதினோரு குத்தவாளி," என்றார் சாவிக்காரர்.

சிரித்துவிட்டார்கள். வாயாடியும் சிரித்தாள். "சரிண்ணே, பதினோரு பேரையும் தூக்கட்டும். அப்புறம் வண்டியை யார் எடுப்பா? அவரா? அவரு எடுக்குற லட்சணம்தான் தெரியுமே."

"வேணாம்," என்றான் ஆமை. "எனக்காக உங்க வீட்டுல அடுப்பு அணைய வேணாம்."

"உனக்காக யாருடா பண்றா? நாளைக்கு அந்த சீட்டுல என் நம்பரு இருக்கும். அதுக்காகப் பண்றேன்."

ஒரு தாளில் எழுதினார்கள். 'ஐயாவின் நம்பருக்கு ஊதியது நான்.' கீழே பதினோரு பெயர், நினைவிருந்த தேதிகள். மேலே இரண்டு வரி காலியாக விட்டிருந்தார்கள்.

"அது உங்க இடம்ணே."

"எதுக்கு மேலே? முதல் அடி எனக்கு விழறதுக்கா?"

ஆனாலும் தாளை வாங்கி மடித்து, அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது பையில் இரண்டு காகிதம்.

மறுநாள் விடிகாலை. இரும்பு அதே ஐஸ்கட்டி. டயர் கழுவ ஆள் இல்லாததால் நேற்றைய சேறு வண்டிகளில் காய்ந்திருந்தது. வாயாடி தன் நம்பருக்கு ஊதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஐயா வந்தார். முகம் மழித்து, சட்டை மடிப்புக் கலையாமல். அன்று குடித்த மாதிரித் தெரியவில்லை.

பழக்கதோஷம். சாவிக்காரரின் விரல் யோசிக்காமல் ஐயாவின் நம்பரை அமுக்கிவிட்டது. மிஷின் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குள் யாராவது ஊத வேண்டும்.

வாயாடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்ற டிரைவர்கள் பானெட்டுகளை மூடிவிட்டு ஒவ்வொருவராக மேசைப்பக்கம் வந்து நின்றார்கள்.

ஐயா சுற்றிப் பார்த்தார். புரிந்துவிட்டது. புன்னகையோடு சாவிக்காரரிடம் சொன்னார்: "நீ ஊதேன்யா பெரியவரே. நீதான் குடிக்காதவனாச்சே. ஒரு மூச்சுதானே?"

ஒரு மூச்சுதான். சாவிக்காரர் குழலை எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனார். ஆறு மாதம். பிளாஸ்டிக்கில் வாயாடி ஊதிய ஈரம் இன்னும் இருந்தது. நெஞ்சு நிறைய இழுத்த காற்று உள்ளேயே நின்றது. கட்டிலடியில் நின்ற ஒற்றைப் பூட்ஸ் எதற்கோ ஞாபகத்துக்கு வந்தது.

கையை நீட்டினார். "நீங்களே ஊதுங்கய்யா."

"ஊதலேன்னா?"

"சாவி ஆணியிலயே இருக்கும்."

"இன்னிக்கு நான் குடிக்கலய்யா!"

"அப்ப ஊதுறதுல என்னங்கய்யா கஷ்டம்?"

"கஷ்டம் இல்ல. உன் முன்னாடி ஊத மாட்டேன். இன்னிக்கு உனக்கு ஊதினா நாளைக்கு எல்லாத்துக்கும் நீ கணக்குக் கேப்பே. பலகையில எழுதினது உங்களுக்கு. எழுதினவன் நான்."

மிஷின் கத்துவதை நிறுத்தியது. தானாகவே ஒரு சீட்டைத் துப்பியது. ஐயாவின் நம்பர், நேரம், கீழே: 'மூச்சு இல்லை.' பதினான்கு மாதத்தில் அந்த நம்பருக்கு வந்த முதல் உண்மையான சீட்டு.

ஐயா அதைப் பிடுங்கப் பார்த்தார். சாவிக்காரர் அதற்குள் அதை மேசைமேல் இருந்த சீட்டுக் குத்தும் கம்பியில் குத்திவிட்டார். பதினோரு பேரும் இன்னும் ஓரடி நெருங்கி நின்றார்கள். கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை, நின்றார்கள். ஐயா போனை எடுத்து வேறு ஸ்டேஷனிலிருந்து வண்டி அனுப்பச் சொன்னார். "பதினோரு பேரு, ஒரு கிழவன். மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் உத்தரவு வரும். பார்த்துக்கோங்க." வெளிவாசலில் போய் வண்டிக்காகத் தெருவில் நின்றார்.

சொன்னால் செய்கிற ஆள். உத்தரவு வரும். அதில் சாவிக்காரருக்குச் சந்தேகமே இல்லை.

டைப் அடித்த காகிதத்தைக் கிழித்தார். மற்றதைப் பிரித்து, மேலே காலியாக இருந்த இடத்தில் எழுதினார். படிப்பு அதிகம் இல்லாத கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இறங்கியது. 'நம்பரை அமுக்கியது நான். ஊத வைத்தது நான். வண்டியை எடுத்தது ஐயா. பார்த்தேன்.' கையெழுத்திட்டு, சீட்டோடு சேர்த்து வாயாடியிடம் நீட்டினார்.

"தலைமையகத்துக்கு இப்பவே கொண்டு போ. விட்டா நாளைக்கு நாலு பேருக்குக் கை நடுங்கும்."

"நடுங்காதுண்ணே."

"எனக்கு நடுங்கிச்சு." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பதினாறு மணி நேர டூட்டி வேணாம்னு முப்பது பேரு எழுதிக் கொடுத்தோம். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டாங்க. அது என் கையெழுத்தே இல்லேன்னுட்டேன். முன்னாடி நின்னவன் ஒருத்தனுக்கு மட்டும் வேலை போச்சு. என்னை நம்பித்தான் முன்னாடி நின்னான்."

சீருடை இல்லாமல் ஓரமாக வந்து நின்றிருந்த ஆமைதான் பேசினான். "இன்னிக்கு நீங்க ஊதலையேண்ணே."

"இன்னிக்கு ஊதல. மத்தியானத்துக்கு மேல என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. உங்களைப் பத்தி நான் என்ன சொல்ல?"

"மத்தியானம் இங்கேயேதான் நிப்போம்," என்றாள் வாயாடி. "வந்து எண்ணிப் பாருங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் எட்டு மணிக்கு. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கரகரத்தது. பின்னால் டிரைவர்கள் வாங்கிய சாவிகள் ஆணியில் விழும் ஓசை கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொன்றாக, அதனதன் ஆணியில்.

'ஒருநாள் மாட்டிவிட்டால் ஆயிற்றா?' என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் போனார்.