கமலுவின் நேர்ச்சை

என் தங்கை கமலாக்ஷி ஓடத் தொடங்கியபோது மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் எழுந்த பிரச்சினை அவள் காலைப் பற்றியதல்ல, வயிற்றைப் பற்றியது. எண்ணூறு மீட்டரில் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. விளையாட்டு சொல்லிக்கொடுத்த அம்மிணி டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குட்டி நல்லா ஓடும், சாரே. பட்சே தசைக்குப் பலம் வேணும். மீன் இல்லாட்டியும் தினம் ஒரு முட்டையெங்கிலும் கொடுக்கணும்."

அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த அப்பா, "பிராமணா ஆத்திலே அது மட்டும் நடக்காது, டீச்சரே" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கமலு சண்டை போட்டிருப்பாள்.

அதற்குப் பதிலாக அவள் செய்தது எங்கள் ஜனங்களுக்கே உரிய காரியம். பகவதி கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தாள். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வரும்வரை தனக்கு உயிரான இரண்டையும் தொடமாட்டாளாம். தயிர், பருப்பு. பிடிக்காத பாகற்காயை விட்டால் சாமி ஏமாந்துவிடுமா என்ன! அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். சாம்பாரும் உசிலியும் கமலுவைத் தாண்டிப் போயின. பருப்புப் போடாத ரசம் சாதமும் வடாமும் சாப்பிட்டுவிட்டு அவள் தினமும் விடியற்காலையில் ஓடினாள்.

மழைக்காலம் முடிந்ததும் போட்டி வந்தது. படகேறி எறணாகுளம் போனோம். முதல் சுற்றில் அவள்தான் முன்னால். இரண்டாவது சுற்றின் வளைவில் கால் பின்னிக்கொண்டு குப்புற விழுந்தாள்.

மைதானத்து டாக்டர் அவள் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து, ரத்தமே இல்லை என்றார். நாங்கள் முட்டை தொடாதவர்கள் என்றார் அப்பா. "முட்டை இல்லாட்டியும் சாரமில்லா, பரவாயில்லை. பருப்பு, பயறு, கடலை, தயிர், எல்லாம் வயிறு நிறையக் கொடுத்தால் மதி, அது போதும். ஓடுற குட்டிக்கு மத்தவங்களைவிடக் கூடுதல் வேணும். இதெல்லாம் உங்க வீட்டில் உண்டல்லோ?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனி ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடாமல் முதலாவதாக வருவது எப்படி? அப்படியானால் ஆயுசு முழுக்க ரசம் சாதமா? கேட்டே விட்டேன்.

"வாக்குக் குடுத்தாச்சு அக்கா. மாத்தப்படாது" என்றாள் கமலு, சுவரைப் பார்த்தபடி.

அம்மா எழுந்து போய்க் குளித்தாள். ஈரப் புடவையோடு கோயிலுக்குப் போய்வந்தாள். கமலுவின் தட்டில் பருப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டு நெய் விட்டாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரும் வைத்தாள்.

"உன் நேர்ச்சையை நான் ஏத்துண்டாச்சு. பகவதிகிட்டே சொல்லிட்டு வந்துட்டேன். சாப்டு."

"பாவம் வருமே அம்மா?"

"வந்தா எனக்கு வரட்டும். நாளைக்குக் காலம்பற ஓடணும். தின்னு."

மறுநாள் விடியற்காலையில் அவளுக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டவர் அப்பா.

அடுத்த வருஷம் கமலு கடைசிவரை விழாமல் ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். வெள்ளிப் பதக்கத்தைத் தெருவே வாங்கி வாங்கிப் பார்த்தது. அவளோ அடுக்களையில் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ரெண்டாவதா வந்ததுக்கா இப்படி அழறே, அசடு?" என்றேன்.

"அம்மா இன்னும் ஒரு வருஷம் பருப்பும் தயிரும் சாப்பிட மாட்டாளே."

அம்மா காதில் விழாதவள்போல அவள் தட்டில் தயிரை வழித்துப் போட்டாள். பிறகு தன் சோற்றில் வெந்நீரை ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்தாள்.