பிரேக்கைக் காப்பாற்றிய மச்சான்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களையும் விட அறிவாளி. இதை அவரே சொல்லுவார், நாளொன்றுக்கு நானூறு தடவை. நான் ஓய்வுபெற்றவன் என்பதால் அதில் முந்நூற்றுத் தொண்ணூறு என் காதில்தான் விழும்.

அன்று அவர் மகளுக்கு மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூ. பதினோரு மணிக்குமேல் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷம் அவள் காத்திருந்து வந்த கடிதம். "நானே கொண்டுபோய் விடறேன்" என்றார் மச்சான். ஆட்டோமேட்டிக் கார், வாங்கி மூன்று மாதம். வேடிக்கையைத் தவறவிடுவேனா? பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஏற்றத்தில் சாலை வேலை நடந்தது. வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றன, எறும்பாவது நகரும். மற்றவர்கள் பிரேக்கை மிதித்து நின்றார்கள். மச்சான் மட்டும் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வழுக்காமல் காரை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார்.

"ஏன் மச்சான், பிரேக் வேலை செய்யலையா?"

"பிரேக் தேயும் மாப்ளே. இப்படிப் பிடிச்சா நூறு வருஷம் உழைக்கும். விவரம் தெரிஞ்சவன் இப்படித்தான் ஓட்டுவான்."

"அப்பா, கியர்பாக்ஸ் சூடாயிடும். வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு" என்றாள் மகள்.

"புத்தகமா வண்டி ஓட்டுது? நீ இன்டர்வியூவுக்குப் படி."

கால் மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது சீட் பெல்ட்டுக்கு என்றார். பிறகு வாடை வந்தது. ஊரிலுள்ள அத்தனை இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே சட்டையைக் கருக்கியதுபோல.

"மாப்ளே, நீங்க எதையாவது மிதிச்சீங்களா?"

நான் என்னத்தை மிதிக்க! அப்போது வரிசை நகர ஆரம்பித்தது. மச்சான் அழுத்தி மிதித்தார், இன்ஜின் மேடைப் பேச்சாளர்போல முழங்கியது. கார் மேடைபோல அசையாமல் கிடந்தது. நியூட்ரலில் போட்டு ஓரமாக உருட்டினோம். மணி பத்து இருபது. மச்சான் இன்ஜினை அணைக்கக் கையை நீட்டினார். குடிதண்ணீர் பாட்டிலையும் எடுத்தாயிற்று, எங்கேயாவது ஊற்றுவதற்கு.

"அணைக்காதீங்கப்பா! பார்க்கிங்ல போட்டு ஓடவிடுங்க. ஆயில் சுத்தி வந்தாத்தான் சூடு இறங்கும். தண்ணியைக் குடிங்க."

குடித்தார். முழு பாட்டிலையும்.

பத்து நாற்பதுக்கு விளக்கு அணைந்தது. "இறங்குங்கப்பா, நான் ஓட்டறேன்."

"என் காரை நீயா?"

"என் வேலைப்பா."

இறங்கினார். அவள் முன்வண்டிக்குப் பின்னால் நன்றாக இடைவெளி விட்டு, நின்ற இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்து, சின்ன கியரில் நிதானமாக ஏற்றினாள். அவள் பிரேக் மிதிக்கும்போதெல்லாம், மச்சான் சொந்தக் கிட்னியை யாரோ மிதித்ததுபோல "ஐயோ" என்றார். வழிநெடுக நாற்பது ஐயோ. நான் விரல்விட்டு எண்ணினேன்.

பத்து ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஃபைலை எடுத்தாள். சாவியையும் எடுத்தாள்.

"சாவி எதுக்கும்மா?"

"கீழயும் நான்தான் ஓட்டறேன். மாமா, இவரைப் பார்த்துக்குங்க."

படியேறி உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் காவலாளி வந்து கதவைச் சாத்தினார். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனார்.

"இப்ப உள்ள போனது என் பொண்ணுதான். மலையில வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்ததே நான்தான்."

காவலாளி பாவம், சலாம் வேறு வைத்தார்.