கட்டிலுக்கடியில் சார்ஜில் இருந்த லைட்

லூர்துராணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பரண் மேல் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஓடாத மிக்சியும் உடைந்த அயர்ன் பாக்ஸும் செத்துப்போன செட்டாப் பாக்ஸும்தான். அன்று காலையில் அந்தச் செட்டாப் பாக்ஸின் அடாப்டர் உதவிக்கு வந்துவிட்டதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

புருஷன் அருள்ராஜுக்குத் துவாக்குடியில் ஓர் இரும்புப் பட்டறையில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. இரும்புக் குவியலுக்குள் பாம்பு கிடக்கும் என்று முதலாளி ஒரு பழைய சார்ஜ் லைட்டைக் கொடுத்திருந்தார். உள்ளே ஈய பாட்டரி, செங்கல் கனம். அதன் சார்ஜர் ஒயரை எலி கடித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு மன்னார்புரம் வீட்டுக்கு வந்தவன், எப்படியாவது லைட்டைச் சார்ஜ் போட்டு வை என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தான். அடுத்த நிமிஷம் குறட்டை.

அடாப்டர் பின் லைட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. சிவப்பு விளக்கும் எரிந்தது. போதாதா? ஆனால் அருள்ராஜுக்குக் கண்ணில் துளி வெளிச்சம் பட்டாலும் தூக்கம் போய்விடும். அதனால் லைட்டை மிக்சி வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே ஒரு பழைய புடவையைப் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். அப்புறம் வழக்கம்போல வெளியில் பூட்டுப் போட்டாள். பூட்டு தொங்கினால் கொரியர்காரனோ கேஸ்காரனோ கதவைத் தட்டி மனுஷனை எழுப்பமாட்டான் என்பது அவள் கணக்கு. மூன்று மணிக்கு அவன் கண் விழிப்பதற்குள் வேலை முடிந்து வந்து திறந்துவிடுவாள். ரெண்டு வருஷமாக இப்படித்தான்.

அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. பதினொன்றரை மணிக்குக் கடையின் எமர்ஜென்சி லைட்டைப் பழுது பார்க்கப் பரக்கத் அலி வந்தார். எலக்ட்ரீஷியன், வாயும் கையும் சேர்ந்தே வேலை செய்யும் ஆள். லைட்டைப் பிரித்ததும் உள்ளே பாட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது ஆறு வோல்ட் பாட்டரி. யாரோ பன்னெண்டு வோல்ட்டக் குடுத்திருக்காங்க. பின்னு பொருந்திட்டாப் போதுமா?"

கல்லாவில் இருந்தவரிடம் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கரண்ட் அதிகமாகப் போனால் பாட்டரி கொதித்து வாயுவைக் கக்கும். காற்றோட்டமான இடத்தில்தான் சார்ஜ் போட வேண்டும், அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும், மணிக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. மூடின இடத்தில் வாயு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

டவராவைத் துடைத்துக்கொண்டிருந்த லூர்துராணி துணியைக் கீழே வைத்தாள். செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் முதுகில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அது ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துவிட்டாள், பாவி.

"பாய், அட்டப்பொட்டிக்குள்ள வச்சு சார்ஜ் போட்டா?"

பரக்கத் அலி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

"அவரு தூங்குறாரு. நான் பூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். பிளக்கிடம் யாரும் போகக் கூடாது, சுவிட்சைத் தட்டினாலே பொறி வரும், கீழே மெயினை அணைக்கச் சொல்லு என்றார். அவள் அருள்ராஜின் போனுக்கு அடித்தாள்; மணி போய்க்கொண்டே இருந்தது. தூங்கும்போது அதை சைலண்டில் போடுவதும் அவள்தானே. கீழ்வீட்டுப் பவுனம்மாளைத் தவிர வேறு நாதியில்லை. தண்ணி மோட்டார் சண்டையில் ரெண்டு பேருக்கும் ஒரு மாசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. முதல் தடவை அடித்தபோது பவுனம்மாள் கட் செய்தாள். இரண்டாம் தடவையும் கட். மூன்றாவது தடவை எடுத்தாள், பேசவில்லை.

"அக்கா, மாடிப்படிக்குக் கீழ இருக்குற எங்க மெயின ஆஃப் பண்ணிருங்க. மேல அவரு உள்ள இருக்காரு. உங்க கால்ல விழுறேன்க்கா."

போன் கட்டாகிவிட்டது. செய்தாளா, செய்யவில்லையா? மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ்ஸும் வேனும் அசையாமல் நின்றன. பரக்கத் அலி ஹாரனை அழுத்திக்கொண்டே சந்து கண்ட பக்கமெல்லாம் வண்டியை நுழைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. காலையிலிருந்து நாலு மணி நேரம். கட்டிலுக்கு நேர் கீழே. அவன் தலைமாட்டுப் பக்கம். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

பாலக்கரை தாண்டும்போது போன் அடித்தது. அருள்ராஜ்.

கரண்டைப் பிடுங்கியது எவன், ஃபேன் நின்று வேர்த்து ஊற்றுகிறது என்று கத்தினான். அந்தத் திட்டு அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவன் நடுநடுவே இருமினான். ரூம் பூராவும் அழுகின முட்டை நாற்றம், கண் எரிகிறது என்றான். எந்த சுவிட்சையும் தொடாதே, தீக்குச்சி கிழிக்காதே, கட்டிலுக்கடியில் கையை விடாதே, ஜன்னலைத் திற, வெளியே வா என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு ஆடும் சத்தம். மறுபடியும் ஆடியது.

"ராணி, வெளிய பூட்டியிருக்கு."

"நாந்தாங்க பூட்டுனேன். வந்துட்டேன், ஜன்னல் கிட்டயே நில்லுங்க."

"இன்னிக்கு எதுக்குப் பூட்டுன?"

"தெனமும் பூட்டுவேங்க."

மன்னார்புரம் வந்து சேரும்வரை போனில் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாடிப்படிக்குக் கீழே பவுனம்மாள் மெயின் பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். யாராவது வந்து திரும்பப் போட்டுவிடுவார்களோ என்று அப்போதிருந்தே அங்கேதான் நிற்கிறாளாம். மாடிப்படி ஏறியதும் லூர்துராணி சாவியை எடுத்து நீட்டினாள். பரக்கத் அலி வாங்கித் திறந்தார். அருள்ராஜ் சிவந்த கண்களோடு அவளைத் தாண்டி வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பரக்கத் அலி கதவை விரியத் திறந்து வைத்து, நாற்றம் கலையும்வரை காத்திருந்தார். அப்புறம் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். லைட் பிளந்து கிடந்தது. ஆசிட் பட்ட அட்டை கூழாகியிருந்தது.

லூர்துராணி எல்லாத் திட்டுக்கும் தயாராக நின்றாள். அருள்ராஜ் திட்டவில்லை. கைலி நுனியால் கண்ணைத் துடைத்தான்.

"ராத்திரியில மொதலாளி பட்டற கேட்டப் பூட்டிட்டுப் போறாரு, நான் உள்ள இருக்கேன்" என்றான். "சரி, வீட்டுக்குப் போனா நம்ம இஷ்டம்னு நெனச்சிக்குவேன் ராணி. இங்கயும் பூட்டுதான்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவள் அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.