அரை மணி நேர இரவல்

கம்ப்யூட்டரின் பிராசசரை மாற்றலாமா வேண்டாமா என்று சினிஷா மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை. அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் மியூனிக்கில் இருக்கும் நெபோய்ஷா.

"கூமே, உன் ஆட்டத்துல குத்தமே இல்ல. உன் பெட்டிதான் திணறுது. கேமோட புது சீசனை அந்தக் கிழட்டு பிராசசர் தாங்காது. மாத்திடு. மாத்துற வரைக்கும் கொஞ்சம் ரெஸ்ட் எடு."

கூம் என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். அவர்கள் ஊரான லெஸ்கோவாட்ஸில் கூடப்பிறந்தவனோடு வெட்டுக்குத்து வரை போகலாம், கூமின் மனதை மட்டும் நோகடிக்கக் கூடாது. சினிஷாவின் மனைவி பிரிந்து போய் நாலு வருஷமாகிறது. கூம் மட்டும் மிஞ்சினான்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். சினிஷாவுக்கு வயர் தொழிற்சாலை, அதை விட்டால் இந்த நாலாவது மாடி வீடு. சனிக்கிழமை நாலு மணிக்கு ஆன்லைனில் ஐந்து பேர் அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில்தான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. அதுவும் போனால் சுவரோடுதான் பேச வேண்டும்.

கடைசியில் பிராசசரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தான். மறுபடி மனம் மாறிவிடுமோ என்று பயந்து, புதுசு வருவதற்குள் பழசை விளம்பரம் போட்டு விற்றும் விட்டான். அங்கேதான் புத்தி மேயப் போயிருந்தது. புதுசு வந்தது, மாட்டினான், திரை இருட்டாகவே நின்றது. அவனுடைய பழைய மதர்போர்டுக்கு இந்தப் புதுசு யாரென்றே தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் பழைய பிராசசர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

பழசை வாங்கிய ஒக்னியென் நாலு தெரு தள்ளித்தான் இருந்தான்; விற்றவனின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. போனில் கெஞ்சியதும், "அரை மணி நேரந்தானே, வாங்கண்ணே," என்றான். சினிஷா சனிக்கிழமை நாலு மணி தாண்டிப் போனான். ஒக்னியெனின் அம்மா வாசலிலேயே ஷூவைக் கழற்ற வைத்து, விருந்தாளிச் செருப்பை மாட்டிவிட்டு, கையில் காபியைத் திணித்தாள். இனி காபி முடியாமல் யாரும் அந்த வீட்டை விட்டு நகர முடியாது.

ஒக்னியென் ஆடிக்கொண்டிருந்தான். ஹெட்செட்டில் காது செத்துப்போனதால் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டிருந்தான். மேஜையில் மைக். "இந்த மேட்ச் முடியட்டும்ணே, கழட்டித் தரேன்," என்று கிசுகிசுத்தான்.

"இடது பக்கம், இடது பக்கம்! அடிச்சான்டா! சபாஷ் ஒக்னியென்!"

ஸ்பீக்கரில் வந்தது நெபோய்ஷாவின் குரல். சினிஷாவின் இடத்தில் இந்தப் பையனைச் சேர்த்திருந்தார்கள்.

சினிஷா கோப்பையோடு உறைந்து நின்றான். வாயைத் திறந்தால் மைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளியே போகலாமென்றால் ஷூவை அம்மா எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள்.

"ஏன் தம்பி, பேசவே மாட்டேங்குற? பல்வலியா?" என்றாள் அவள். சினிஷா தலையாட்டித் தொலைத்தான். அவள் ஓடிப்போய் பிளம் ராக்கியா கொண்டுவந்தாள். "வாயில ஊத்தி வலிக்குற பக்கமா அடக்கி வை. முழுங்கிடாதே, நான் சொல்ற வரைக்கும்."

எரியும் சாராயத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவன் நின்றான்.

"உன் மெஷின்ல என்ன பிராசசர் தம்பி? சும்மா பறக்குதே," என்றது இன்னொரு குரல். அதே அணியில் வியன்னாவிலிருந்து ஆடும் வுகாஷின்.

"ஆறு வருஷப் பழசுண்ணே. செகண்ட்ஹேண்ட்," என்று ஒக்னியென் அதன் நம்பரைச் சொன்னான்.

"சினிஷா வெச்சிருந்ததும் அதுதானேடா நெபோய்ஷா! அப்ப அவன் பெட்டிக்கு என்ன கேடு?"

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல. ஆளுக்குக் கை வரல. அவனோட ஆடினா தோத்துக்கிட்டே இருக்கோம்னு நீங்கதானே என் உசுரை எடுத்தீங்க? என் கூம்டா அவன். மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது? அதான் பிராசசர் மேல பழியைப் போட்டேன்."

ராக்கியா சினிஷாவின் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அம்மா முதுகைத் தட்டினாள். "அப்படித்தான், வலி போயிடும்."

மேட்ச் முடிந்தது. ஒக்னியென் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிராசசரைக் கழற்றித் துடைத்து, சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். "மெதுவா வேலைய முடிங்கண்ணே. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்கு ஆட்டமில்ல." சினிஷா சாராயத்தை விழுங்கி, ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினான்.

இரண்டாவது தெருவில் போன் அடித்தது. நெபோய்ஷா. அவன்மேல் கோபம் வரும் என்று சினிஷா ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தான். வரவில்லை. வந்தாலும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இருப்பது ஒரே கூம்.

"கூமே, புதுசை மாட்டிட்டியா? ஓடுதா?"

சினிஷா பையிலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்குப் போனால் அரை மணி நேரத்தில் புதுசை ஓட வைத்துவிடலாம்.

"இல்ல கூமே. மதர்போர்டையும் மாத்தணுமாம். நாளாகும் போல."

"அடடா," என்றான் நெபோய்ஷா. குரலில் பாரம் இறங்கியது அப்பட்டமாகக் கேட்டது. "அவசரமே இல்ல கூமே. நல்லதா பார்த்து நிதானமா வாங்கு. நாங்க எப்படியோ சமாளிச்சுக்குறோம்."

"சரி கூமே," என்ற சினிஷா திரும்பி நடந்தான். ஒக்னியென் வீட்டு மணியை அடித்து, வாசலில் நின்றபடியே பெட்டியை நீட்டினான்.

"அதுக்குள்ள முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது," என்றான்.