வெளிக்குழாய் வால்வு

தென்மாநிலத்துக்குக் குடிவந்து நான்கு மாதமாகியும், காலையில் குழாயைத் திறந்தால் சின்னவனின் கை ஒரு கணம் தயங்கும். குளிர்காலத்தின் நடுவிலும் தண்ணீர் வெதுவெதுவென்று வரும். ஐம்பத்திரண்டு வயது ஆளைச் சின்னவன் என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவன் அக்கா ஒருத்திதான். அவள் ஆயிரம் மைல் வடக்கே, வாசற்படி தெரியாமல் பனி மூடிய வீட்டில் தனியாக இருந்தாள்.

மனைவியின் மூட்டுவலிக்காகத்தான் இங்கே வந்தார்கள். அங்கே படியில் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டிருந்தவள் இங்கே காலையும் மாலையும் தெருவைச் சுற்றி வந்தாள். முன்பின் தெரியாதவர்கள் காரிலிருந்து கையசைத்தார்கள். வெயிலில் நின்ற காரின் ஸ்டீயரிங் சுடும் என்பதால் அதன்மேல் துண்டு போடக் கற்றுக்கொண்டான். ஹீட்டரும் ஏசியும் பழுதுபார்க்கும் அவன் வேலைக்கும் குறைவில்லை. அங்கே அறையில் சூடு போதவில்லை என்று கூப்பிட்டார்கள். இங்கே அறையை விட்டுச் சூடு போகவில்லை என்று கூப்பிட்டார்கள். ஆளும் அதே, ஸ்பேனரும் அதே. வாழ்க்கை சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவனை உறுத்தியது.

வடக்கே குளிர் இறங்குவதற்கு முன் எல்லா வீட்டிலும் ஒரு வேலை உண்டு. தோட்டத்துக் குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளேயிருக்கும் வால்வில் அடைத்து, மிச்சத் தண்ணீரை வெளியே வடித்துவிட வேண்டும். விட்டால் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அத்தான் இறந்த வருஷத்திலிருந்து, ஏழு வருஷமாக, அக்கா வீட்டில் அதைச் செய்தது சின்னவன். இந்த வருஷம் மூட்டைகட்டும் அவசரத்தில் மறந்துபோனான்.

மறந்தது மட்டும் என்றால் யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம். வண்டியோட்டி வந்த இரண்டாம் நாள், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், ஸ்வெட்டரைக் கழற்றினான். வெறுங்கையில் வெயில் விழுந்தது. விழுந்ததும் வால்வு ஞாபகம் வந்தது. போன் கையில்தான் இருந்தது. ஆனால் புறப்படும்போது அக்கா, "போறவன் போ, என் வீடு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லியிருந்தாள். இப்போது கூப்பிட்டால், "போய்ச் சேர்றதுக்குள்ளயே மறந்தாச்சா" என்பாள். போய்ச் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டான். வந்து சேர்ந்த ஊரில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உடம்புக்கு எட்டாத குளிர் மனசுக்கும் எட்டவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் குழாய் வெடித்தது. அக்கா தையல்காரி. அவள் மெஷின் இருந்த பேஸ்மெண்டில் முழங்கால் அளவு தண்ணீர். தைக்க வந்த ஊரார் துணியெல்லாம் மிதந்தன. செய்தி கேட்டபோது அவன் தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேன்டா."

"உடம்புக்கு என்னக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மூளைக்கு. ரிப்பேர் பண்ண வந்தவர், வால்வு திறந்தே இருக்கு, யாரு மூடறதுன்னு கேட்டாரு. என் தம்பி, அவன் மறக்கமாட்டான்னு சொன்னேன். அப்போ நான்தானே திறந்திருக்கணும்? எதுக்குத் திறந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரவே இல்ல. தையலையும் விட்டுடலாம்னு இருக்கேன். ஒருத்தர் அளவை இன்னொருத்தருக்கு வெட்டிட்டா?"

அவன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "உனக்கு வேலை இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

"என்னவாம் அண்ணிக்கு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"மூணு வாரமா இந்த வீட்டுல அந்த ஒண்ணுமில்லதான் மூணாவது ஆளா உக்காந்திருக்கு."

புதன்கிழமை மத்தியானம், ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏசியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கூட வேலை செய்பவன் உள்ளூர்க்காரன். லேசாகக் காற்றடித்தாலே கம்பளித் தொப்பி போடுவான் என்பதால் தொப்பி என்றே பெயர். "எலும்பைக் குத்துதுண்ணே" என்று அவன் டீ வாங்கக் கீழே போனான். சின்னவன் போனை எடுத்தான்.

"அக்கா, நாளைக்கு டாக்டர்கிட்ட போக வேண்டாம்."

"ஏன், நீ டாக்டருக்குப் படிச்சுட்டியா?"

"வால்வை நான் மூடல."



"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவளே கதவைத் திறந்து வழிவிட்டு நின்றாள்.

"மறந்தேன். அப்புறம் வழியில ஞாபகம் வந்துச்சு. சொல்லல."

"போன் இல்லையா?"

"கையிலதான் இருந்துச்சு."

அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் வெகுநேரம் தனியாகப் பேசியது.

"அப்போ என் மூளை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"இருக்குக்கா."

"அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன்டா, மூணு வாரமா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இரு, பேனா எடுத்துட்டு வரேன்." போய்விட்டு வந்தாள். "வால்வை எந்தப் பக்கம் திருப்பணும்?"

"அடுத்த வருஷம் நானே வந்து..."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"கடிகாரம் சுத்தற பக்கம். இறுகற வரைக்கும். அப்புறம் வெளியே போய்க் குழாயைத் திறந்துவிடணும். உள்ள நிக்கற தண்ணி வடியணும்."

காகிதத்தில் பேனா ஓடுவது கேட்டது.

"வேற?"

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

தொப்பி டீயோடு ஏறி வந்தான். "நிழல்ல உக்காந்தா குளிரும்ணே, இப்படி வாங்க" என்றான். சின்னவன் எழுந்து போய் அவன் பக்கத்தில், வெயிலில் உட்கார்ந்தான்.