ஒல்லியின் பள்ளியில் ஒரு குறை

குழந்தைகளுக்கான சிறு நாற்காலியில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்த தலைமையாசிரியையின் கண்ணில் முதலில் பட்டது எதிர்ச்சுவர். ஒரு படம்கூடக் கோணலாக ஒட்டப்படவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அருகருகே உள்ள இரு தொடக்கப்பள்ளிகள் ஒன்றையொன்று பார்வையிட்டு, நிறைகுறைகளைப் பேசி, சேர்ந்தே முன்னேற வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று அவர் இங்கே. அடுத்த வாரம் இவர்கள் அங்கே. அதற்குச் செய்யவேண்டியவற்றை தம் பள்ளியின் உதவித் தலைமையாசிரியரிடம் நேற்றே சொல்லியாயிற்று. காலை முதல் இப்பள்ளியில் நிறைகள் மலிந்து கிடந்தன. குறை காண்பதுதான் கல்லில் நார் உரிப்பதாயிருந்தது.

இப்பள்ளியை நடத்துபவள் பயிற்சிக் கல்லூரியில் அவருடைய அறைத்தோழி. பாடக்குறிப்பு எழுத வராமல் அவருடையதைப் பார்த்து எழுதியவள். அந்நாளில் அவளுக்கு ‘ஒல்லி’ என்று பெயர்; இவருக்கு ‘ஸ்கேல்’. அவள் உடம்பு அப்பெயரை என்றோ கைவிட்டிருந்தது. அவளைக் கண்டதும் இங்கே பிள்ளைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். அவருடைய பள்ளியில் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். மிக நேராக.

“என்னடி ஸ்கேலு, மருமக சமையல்ல உப்பு தேடுற மாமியாராட்டம் உக்காந்திருக்க?” என்றாள் ஒல்லி.

“இன்னும் வாயிலயே வைக்கலையே.”

ஒல்லி சிரித்துவிட்டு, இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தியைக் கைபிடித்து அழைத்துவந்தாள். “டீச்சருக்கு வாசிச்சுக் காட்டு, பாப்பா.”

சிறுமி வரிகளின் கீழ் விரலை நகர்த்தியபடி கணீரென்று வாசித்தாள். தலைமையாசிரியை புத்தகத்தின் பக்கம் குனிந்தார். இடையில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. கண்ணில் படாத அந்தப் பக்கங்களின் கதையையும் குரல் விடாமல் சொல்லிச் சென்றது.

அவர் ‘குடை’ என்ற சொல்லைத் தொட்டார். “இது என்ன, கண்ணு?”

சிறுமி மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “மழையா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முகத்தில் தக்க அளவு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு அவர் ஒல்லியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார்.

“அந்தப் பொண்ணு வாசிக்கல. அத்தனையும் மனப்பாடம்.”

“தெரியும்டி. அதான் உங்கிட்ட கூட்டிட்டு வந்தேன்.” ஒல்லி குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் நாலஞ்சு பேரு இப்படி இருக்காங்க. எழுத்து தெரியுது, சேத்துப் படிக்க வரல. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். உங்க ஸ்கூல்ல இப்படி ஒருத்தர்கூட இல்லையாமே, எப்படிடி சாதிச்ச?”

சுவரை மன்னித்திருக்கலாம். பிள்ளைகளின் ஒட்டுதலைக்கூட மன்னித்திருக்கலாம். தன் குறையைக் கூசாமல் கைபிடித்துக் கொண்டுவந்து எதிரில் நிறுத்துகிறாளே, இதை எந்தக் கணக்கில் மன்னிப்பது?

கைப்பேசி அதிர்ந்தது. உதவித் தலைமையாசிரியர்.

“மேடம், அடுத்த வாரம் அவங்க வர்றன்னைக்கு, வாசிக்க வராத பிள்ளைங்களை எல்லாம் நீங்க சொன்ன மாதிரி ஓவிய அறையில உக்கார வச்சிடலாம்ல?”

ஒல்லி பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், புத்தகத்தைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு சிறுமியும் தாழ்வாரத்துக்கு வந்திருந்தாள். விரல் இன்னும் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது. கண்கள் தலைமையாசிரியையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”